வகுப்பறைக்குள் கைவிலங்கு: அமெரிக்கப் பள்ளிகளில் போலீஸ் பலப்பிரயோகம், ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில், காலையில் பிள்ளைகள் உள்ளே நுழையும்போது வாசலிலோ வராந்தாவிலோ ஒரு போலீஸ்காரர் நிற்பார். சீருடை போட்டிருப்பார். இடுப்பில் துப்பாக்கியும் கைவிலங்கும் தொங்கும். பல இடங்களில் பெப்பர் ஸ்ப்ரேயும், மின்னதிர்ச்சி கொடுக்கும் டேசரும் கூட இருக்கும். ஏதோ ஒரு புகாரை விசாரிக்க வந்தவர் என்று நினைக்க வேண்டாம், அவருக்கு வேலையே அந்தப் பள்ளியில்தான். ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர், சுருக்கமாக எஸ்.ஆர்.ஓ. என்று அழைப்பார்கள். கைது செய்யும் அதிகாரம் ஊர் போலீஸ் துறையிலிருந்தோ, கவுண்ட்டி எனப்படும் மாவட்டம் போன்ற பிரிவின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்திலிருந்தோ அவருக்கு வருகிறது. சம்பளத்தில் ஒரு பங்கைப் பல இடங்களில் பள்ளி நிர்வாகமே கொடுக்கிறது. ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பைக் கல்வி மாவட்டம் என்பார்கள்; லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய கல்வி மாவட்டங்கள் சொந்தமாகவே ஒரு போலீஸ் துறை வைத்திருக்கின்றன.

இந்த அதிகாரி ஒரு மாணவர் மேல் கைவைத்தால் அதை எந்தச் சட்டம் அளக்கிறது, தவறு என்று தெரிந்த பிறகும் ஏன் பெரும்பாலும் யாரும் பொறுப்பேற்பதில்லை, இதைக் குறைக்க என்ன முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பதை முதல்முறை படிப்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். என் கருத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கைப்பேசிக்கு வரும் வீடியோ கடைசிப் பத்து விநாடியைத்தான் காட்டும். விஷயம் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. யார் அவரைக் கூப்பிட்டார்கள், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

பலப்பிரயோகம் என்றதும் அடிப்பது மட்டும் நினைவுக்கு வரலாம். கையைப் பிடித்து இழுப்பது, சுவரோடு சேர்த்து அழுத்துவது, குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றுவது, விலங்கு மாட்டுவது, பெப்பர் ஸ்ப்ரே அடிப்பது, டேசரால் சுடுவது எல்லாமே இதில் அடங்கும். விலங்கு மாட்டுவதைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சட்டம் சேர்க்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அதுவும் சேர்க்கும்.

ஒரு கைப்பேசி, ஒரு கணக்கு வகுப்பு

தென் கரோலினா மாநிலத்தில், கொலம்பியா நகரத்தை ஒட்டி ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 2015 அக்டோபர் 26 அன்று அங்கே கணக்கு வகுப்பில் 16 வயது மாணவி ஒருத்தி கைப்பேசியை எடுத்திருக்கிறாள். ஆசிரியர் கேட்டும் கொடுக்கவில்லை, வெளியே போகச் சொன்னதற்கும் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் நிர்வாகி ஒருவரை அழைத்தார். அவர் சொல்லியும் அவள் அசையவில்லை. அப்புறம் பள்ளியில் பணியிலிருந்த டெபுடியை, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் அதிகாரியை, அழைத்தார்கள்.

டெபுடி அவளைப் பிடித்து, அவள் உட்கார்ந்திருந்த மேசை நாற்காலியோடு பின்பக்கமாகக் கவிழ்த்து, வகுப்பின் குறுக்கே இழுத்துத் தூக்கி எறிந்தார். சக மாணவர்கள் எடுத்த வீடியோ அன்றைக்கே நாடு முழுக்கப் பரவியது. இதை எதிர்த்துக் குரல் கொடுத்து, படமும் எடுத்த 18 வயது மாணவியையும் கைது செய்தார்கள். இரண்டு பேர் மேலும் பதிவான குற்றம் ஒன்றுதான்: பள்ளிக்கு இடையூறு செய்தல்.

டெபுடியை ஷெரிஃப் இரண்டே நாளில் வேலையிலிருந்து நீக்கினார். ஆனால் மாநில அரசு வழக்கறிஞரும் சரி, மத்திய அரசின் நீதி அமைச்சகமும் சரி, அவர் மேல் குற்ற வழக்குப் போடவில்லை. மாணவிகள் மேல் இருந்த வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. செய்தியைப் பார்த்த பெரும்பாலானோர் ஒரு கெட்ட போலீஸ்காரர், அவர் போய்விட்டார், கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அந்தச் சட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. பள்ளியை 'எந்த வகையிலாவது' தொந்தரவு செய்தாலே குற்றம் என்று தென் கரோலினாவில் ஒரு சட்டம் இருந்தது. அதன் வேர் 1919-ல் இருக்கிறது. பெண்கள் படிக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கு வெளியாட்கள் வந்து தொல்லை கொடுப்பதைத் தடுக்க அப்போது போட்ட சட்டம், காலப்போக்கில் விரிந்து விரிந்து, உள்ளே படிக்கும் பிள்ளைகள் மேலேயே திரும்பிவிட்டது. 1,000 டாலர் வரை அபராதம், 90 நாள் வரை சிறை. கெட்ட வார்த்தை பேசினாலும் இதில் சிக்கலாம், சொன்ன பேச்சைக் கேட்காவிட்டாலும் சிக்கலாம். கைப்பேசியைக் கொடுக்காத பிள்ளை அந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி. குற்றவாளி மறுத்தால் பிடிக்கப் பலம் பயன்படுத்தலாம் என்பது போலீஸின் வழக்கமான விதி. அதாவது அந்த மேசை கவிழ்வதற்கான அனுமதி சட்டப் புத்தகத்திலேயே பாதி எழுதப்பட்டிருந்தது.

2018-ல் மாநிலச் சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, சொந்தப் பள்ளியில் இருக்கும் மாணவர்களுக்கு அது பொருந்தாது என்று ஆக்கியது. படம் எடுத்த மாணவியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், பழைய சட்டம் மாணவர்களைப் பொறுத்தவரை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2023 பிப்ரவரியில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (நாட்டை வட்டங்களாகப் பிரித்து, உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் இயங்கும் மத்திய நீதிமன்றங்களில் ஒன்று) தீர்ப்புச் சொன்னது. ஒரு வகுப்பில் தொடங்கியது முடிய ஏழு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

போலீஸ் எப்படி உள்ளே வந்தது

பள்ளியில் நிரந்தரமாகப் போலீஸ் இருப்பது 1950-களில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் தொடங்கியது. பிள்ளைகளுக்கும் போலீஸுக்கும் நட்பு வளரட்டும் என்பது அன்றைய நோக்கம். 1994-ல் வந்த மத்தியச் சட்டம், துப்பாக்கியோடு வரும் மாணவரை ஓர் ஆண்டாவது வெளியேற்ற வேண்டும் என்றது. அந்தக் கண்டிப்பு மெதுவாகத் துப்பாக்கியைத் தாண்டி, சண்டை, திட்டு, ஒழுங்கு மீறல் வரை பரவியது. 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பிறகு மத்திய அரசே பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான அதிகாரிகளைப் பள்ளிகளில் நிறுத்தியது.

இந்த அதிகாரிகளின் தேசியச் சங்கமான நாஸ்ரோ, அவர்களுக்கு மூன்று வேலை என்று சொல்கிறது: சட்டம் ஒழுங்கு, பாடம் சொல்லுதல், ஆலோசனை. பள்ளியின் அன்றாட ஒழுங்குப் பிரச்சினைகளில் அதிகாரி தலையிடக் கூடாது என்பதும் அந்தச் சங்கத்தின் நிலைப்பாடுதான். நல்ல விதி. ஆனால் 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியருக்கு, கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வருபவர் அவர் ஒருவர்தான் என்றால் என்ன ஆகும்? 2019-ல் ஏ.சி.எல்.யூ. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு அரசுத் தரவுகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. போலீஸ் இருந்தும், ஆலோசகர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒரு பிரிவினராவது இல்லாத பள்ளிகளில் 1.4 கோடி மாணவர்கள் படிக்கிறார்கள் என்றது அது. கூப்பிட வேறு ஆள் இல்லாத இடத்தில் போலீஸைத்தான் கூப்பிடுவார்கள். ஆசிரியரை மட்டும் குறை சொல்லி இதில் பயனில்லை.

தெருவுக்குப் போட்ட அளவுகோல்

சரி, அதிகாரி பயன்படுத்திய பலம் அளவு மீறியதா என்று நீதிமன்றம் எப்படித் தீர்மானிக்கிறது?

இதற்கான அடிப்படை 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு. அந்த வழக்குக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லை. வட கரோலினாவின் சார்லட் நகரில் ஒரு நீரிழிவு நோயாளி, சர்க்கரை இறங்குவதைத் தடுக்க ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போனார். வரிசை நீளமாக இருந்ததால் வேகமாக வெளியே வந்தார். அதைச் சந்தேகப்பட்ட போலீஸ் அவரைப் பிடித்து, விலங்கு மாட்டிய அந்தச் சம்பவத்தில் அவர் காலில் எலும்பு முறிந்தது. அந்த வழக்கில்தான், சம்பவ இடத்தில் நின்ற நியாயமான ஓர் அதிகாரியின் கண்ணோட்டத்தில் அந்தப் பலம் நியாயமானதா என்று பார்க்க வேண்டும் என்ற விதி பிறந்தது. குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து இருந்ததா, பிடிபட்டவர் எதிர்த்தாரா அல்லது ஓடப் பார்த்தாரா என்ற மூன்றையும் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

அந்த மூன்றில் வயது இல்லை. ஒரு பிள்ளை பள்ளிக்குள் இருக்கிறது என்பதும் இல்லை. ஆனால் விசாரணை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வயதைப் பார்த்திருக்கிறது. 13 வயது மாணவனைப் பள்ளி அறைக்குள் வைத்துப் போலீஸ் கேள்வி கேட்ட வழக்கில், குழந்தையின் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-ல் சொன்னது. பலப்பிரயோகத்துக்கு அப்படி ஒரு தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. கீழே உள்ள நீதிமன்றங்கள்தான் ஒவ்வொன்றாக வயதைச் சேர்த்துப் பார்க்கின்றன.

மேரிலாந்தின் சால்ஸ்பரி நகரத்து வழக்கை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தில் இன்னொரு பிள்ளையோடு சண்டை போட்டாள். மூன்று நாள் கழித்து அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறையில் அதிகாரிகளும் பள்ளி நிர்வாகிகளும் இருந்தார்கள், கதவு மூடியிருந்தது, சிறுமி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளுக்கு விலங்கு மாட்டினார். இரண்டு நிமிடம் போல அது கையில் இருந்தது, அவள் அழுதாள்.

2018-ல் நான்காம் வட்ட நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இது அளவு மீறிய பலம், அரசியல் சாசனம் தந்த உரிமையின் மீறல். ஆனாலும் சிறுமி தோற்றாள்.

இது எப்படி என்று புரிந்தால் இந்தத் துறையில் பாதி புரிந்த மாதிரி. அமெரிக்காவில் குவாலிஃபைடு இம்யூனிட்டி என்று ஒரு சட்டக் கோட்பாடு உண்டு. அரசு அதிகாரி ஒருவர் உரிமையை மீறினார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அவர் செய்தபோதே, அது தவறு என்று சட்டம் தெளிவாக நிலைநாட்டியிருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், ஏறக்குறைய இதே மாதிரி நிலைமையில் முன்பே ஒரு தீர்ப்பு இருக்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் அதிகாரி நஷ்டஈடு கொடுக்காமல் போய்விடலாம். அமைதியாக இருக்கும் 10 வயதுப் பிள்ளைக்கு விலங்கு மாட்டக் கூடாது என்று அதற்குமுன் அந்த வட்டாரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அந்த அதிகாரி தப்பினார். இனிமேல் இப்படிச் செய்பவருக்கு இந்தச் சாக்கு கிடையாது என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள். முதலில் பாதிக்கப்படும் பிள்ளை எப்போதும் வெறுங்கையோடு போக வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் விளைவு. எவ்வளவு யோசித்தாலும் எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் 2011-ல் 13 வயதுப் பையன் ஒருவன் உடற்பயிற்சி வகுப்பில் மற்றவர்களைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். பள்ளியிலிருந்த அதிகாரி அவனைக் கைது செய்து, விலங்கு மாட்டி, சிறார் காவல் இல்லத்துக்குக் கொண்டுபோனார். கல்விக்கு இடையூறு செய்தான் என்பது குற்றம். 2016-ல் பத்தாம் வட்ட நீதிமன்றம் அதிகாரிக்கு இதே பாதுகாப்பைக் கொடுத்தது. அந்த அமர்வில் ஒரே ஒருவர் மாறுபட்டார். அவர் நீல் கோர்சுச், அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். தாராளவாதி என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர் பக்கம் தீர்ப்பு வருவதும் உண்டு. கென்டக்கியின் கவிங்டன் நகரில் 2014-ல் எட்டு வயதுச் சிறுவனுக்கும் ஒன்பது வயதுச் சிறுமிக்கும் டெபுடி ஒருவர் விலங்கு மாட்டினார். இரண்டு பேருக்கும் ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறு. மணிக்கட்டு சிறியதாக இருந்ததால், கைகளைப் பின்னால் வளைத்து முழங்கைக்கு மேலே புஜத்தில் மாட்டியிருந்தார்கள். சிறுவன் வலியில் அழும் வீடியோ வெளியே வந்தது. 2017-ல் மத்திய நீதிமன்றம் இது சாசனத்துக்கு முரணான பலம் என்றும், கவுண்ட்டி பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொன்னது. 2018-ல் 3,37,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்தது இதற்கு நேர் எதிரான பாதை. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் அதிகாரிகள் மாணவர்கள் மேல் ரசாயன ஸ்ப்ரே அடிப்பது வழக்கமாகவே இருந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு மாணவி அப்போது கர்ப்பிணி. ஸ்ப்ரே அடித்த பிறகு முகத்தையும் கண்ணையும் சரியாகக் கழுவவும் விடவில்லை என்பது பெரிய புகார். 2015-ல் நீதிபதி மாணவர்கள் பக்கம் நின்றார். கழுவ விடாதது பற்றிய பகுதியை 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே குவாலிஃபைடு இம்யூனிட்டியைச் சொல்லி மாற்றிவிட்டது.

யார் மேல் அதிகம் விழுகிறது

பள்ளிகளில் போலீஸ் பலம் பயன்படுத்தும் ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவு செய்யும் முழுமையான தேசியக் கணக்கு இல்லை. இதுவே ஒரு பெரிய குறை. ஆனால் மத்தியக் கல்வித் துறை, போலீஸுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களையும், கைதானவர்களையும், உடலைக் கட்டுப்படுத்திப் பிடிக்கப்பட்டவர்களையும் எண்ணுகிறது. 2015-16 கல்வியாண்டில் மொத்த மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 சதவீதம். போலீஸுக்கு அனுப்பப்பட்டவர்கள், கைதானவர்களில் அவர்கள் 31 சதவீதம். அதே ஆண்டில் சிறப்புக் கல்வி பெறும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் 12 சதவீதம். உடலைப் பிடித்துக் கட்டுப்படுத்தப்பட்டவர்களில் அவர்கள் 71 சதவீதம். இந்தக் கடைசி எண்ணில் பெரும்பகுதி பள்ளி ஊழியர்கள் செய்தது, போலீஸ் மட்டும் இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளை பதறும்போது கத்தும், கையை உதறும், தொட்டால் இன்னும் மிரளும். தெருவில் பயிற்சி பெற்ற அதிகாரிக்கு இதெல்லாம் எதிர்ப்பாகத் தெரியும். எதிர்ப்பு என்று தெரிந்ததும் பிடி இறுகும். பிடி இறுகினால் பிள்ளை இன்னும் மிரளும். இந்தச் சுழலை உடைக்கத் தெரிந்தவர் சிறப்புக் கல்வி ஆசிரியர். பல சமயம் அவர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

ஆனால் துப்பாக்கிச் சூடு?

போலீஸ் வேண்டும் என்பவர்களின் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளையைக் காலையில் அனுப்பிவிட்டு மாலை வரை மனசு அடித்துக்கொள்ளும் பெற்றோர் அங்கே நிறையப் பேர். பெரிய அடிதடியில் தனியாக மாட்டிய ஆசிரியருக்கும் உதவி வேண்டும்தான். டென்வர் நகரம் 2020-ல், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையால் கொல்லப்பட்ட பிறகு, பள்ளிப் போலீஸை வெளியேற்ற முடிவு செய்தது. 2023-ல் ஒரு பள்ளிக்குள் இரண்டு நிர்வாகிகள் சுடப்பட்டதும் திரும்பக் கொண்டுவந்தது.

இருந்தாலும் பதிவில் இருப்பதைப் பார்க்க வேண்டும். கொலம்பைன் பள்ளியிலேயே அன்று ஓர் அதிகாரி பணியில் இருந்தார், சுடவும் செய்தார். 2018-ல் ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோது அங்கிருந்த அதிகாரி கட்டடத்துக்குள் போகவில்லை. 2022-ல் பள்ளிக்குள் துப்பாக்கிச் சூடு நடந்த டெக்சஸின் உவால்டியில் கல்வி மாவட்டத்துக்குச் சொந்தப் போலீஸே இருந்தது. மொத்தம் 376 அதிகாரிகள் குவிந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். என்றோ ஒரு நாள் வரக்கூடிய அந்தக் கொடுமைக்காக நிறுத்தப்பட்டவர், மற்ற நாளெல்லாம் கைப்பேசிக்கும் வராந்தாச் சண்டைக்கும் அழைக்கப்படுகிறார். பலப்பிரயோகம் பெரும்பாலும் அந்த மற்ற நாட்களில்தான் நடக்கிறது.

மாற்றிப் பார்த்த இடங்கள்

அட்லாண்டாவுக்குத் தெற்கே கிளேட்டன் கவுண்ட்டி இருக்கிறது. பள்ளிகளில் போலீஸ் வந்த பிறகு, தன் முன்னால் வரும் சிறார் வழக்குகள் பெருகிக்கொண்டே போவதை அங்கிருந்த சிறார் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் டெஸ்கி கவனித்தார். பெரும்பாலானவை சின்னச் சண்டை, ஒழுங்கு மீறல். 2004-ல் பள்ளிகளையும் போலீஸையும் உட்கார வைத்து ஓர் எழுத்து ஒப்பந்தம் போட வைத்தார். சிறிய குற்றங்களுக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பயிற்சி வகுப்பு அல்லது சமரசம், அதற்கும் மேல் போனால்தான் நீதிமன்றம். பள்ளியிலிருந்து வரும் வழக்குகள் வெகுவாகக் குறைந்தன. போலீஸ் அங்கேயேதான் இருந்தது. எதற்குக் கூப்பிடலாம் என்பது மட்டும் மாறியது.

மின்னசோட்டா வேறு வழியில் போனது. மூச்சை அடைக்கும் பிடிகளையும், மாணவரைக் குப்புறப் படுக்க வைத்து அழுத்துவதையும் பள்ளியில் பணியாற்றும் அதிகாரிகளுக்கும் சேர்த்துத் தடை செய்து 2023-ல் சட்டம் போட்டது. உடனே பல போலீஸ் துறைகள் தங்கள் ஆட்களைப் பள்ளிகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டன. 2024-ல் அரசு இறங்கிவந்து, அந்தத் தடையிலிருந்து அதிகாரிகளுக்கு விலக்குக் கொடுத்து, பதிலாகப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஃபுளோரிடாவில் 2019-ல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை ஆர்லாண்டோ பள்ளியில் கைது செய்த பிறகு எழுந்த கோபம், 2021-ல் ஒரு சட்டமாக மாறியது. கொடுங்குற்றம் தவிர, ஏழு வயதுக்குக் கீழே யாரையும் கைது செய்யக் கூடாது என்கிறது அது. ஏழு! அந்த எல்லையே எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு

அமெரிக்காவுக்குப் போன நம் குடும்பங்களில் பலருக்குப் பள்ளியில் போலீஸ் இருப்பதே பிள்ளை சொல்லித்தான் தெரிகிறது. கல்வி மாவட்டத்துக்கும் போலீஸ் துறைக்கும் இடையே பெரும்பாலும் எழுத்து ஒப்பந்தம் ஒன்று இருக்கும், எம்.ஓ.யூ. என்பார்கள். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒழுங்குப் பிரச்சினைக்கு அதிகாரியை அழைக்கலாமா, பெற்றோருக்கு எப்போது தகவல் சொல்வார்கள், எந்த வயதுக்குக் கீழே விலங்கு கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் திட்டமான ஐ.ஈ.பி. இருந்தால், பதறும்போது யாரைக் கூப்பிட வேண்டும், எப்படி அணுக வேண்டும் என்பதை அந்த ஆவணத்திலேயே எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகாரி அதைப் பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், வீடியோவைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேட்பது முக்கியம். கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடக்கூடும். பள்ளி வைத்திருக்கும் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை ஃபெர்பா என்ற மத்தியச் சட்டப்படி பெற்றோருக்கு உண்டு. ஆனால் போலீஸ் பிரிவு தன் வேலைக்காக உருவாக்கி வைத்திருக்கும் பதிவுகள் அந்தச் சட்டத்தில் வராது. அதனால் பள்ளிக்கு ஒரு கடிதம், போலீஸ் துறைக்கு மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் தனியாக இன்னொரு கடிதம் என்று இரண்டும் அனுப்ப வேண்டும்.